பார்லி ஒயின்: குளிர் விட்டதும்தான் ருசி

பெயரில் ஒயின் இருந்தாலும் பார்லி ஒயின் வலுவான ஒரு பீர்; அதில் ஒரு திராட்சைகூடக் கிடையாது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர், அவ்வளவுதான். இங்கிலாந்தின் சாதாரண பிட்டர் பீர் 4 சதவீத ஆல்கஹாலில் நின்றுவிடும். இது 8-லிருந்து 12 வரை போகும். லாகர் பீர் குடித்துப் பழகியவர்கள் இதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே அரை லிட்டருக்கு மேல் பிடிக்கும் பைன்ட் கிளாஸில் ஊற்றுவார்கள். இரண்டு மிடறு உள்ளே போனதும் ‘என்னங்க இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு’ என்று தள்ளி வைத்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை. 4 டிகிரியில் இது இருமல் மருந்துதான். 14 டிகிரியில் வேறு பானம்.

இங்கே பேசுவது ஆங்கிலேய வகையை மட்டும். அமெரிக்கர்களும் பார்லி ஒயின் காய்ச்சுகிறார்கள். சியரா நெவாடா ஆலையின் பிக்ஃபுட் 1983-லிருந்து வருகிறது. ஆனால் அது ஹாப்ஸ் ராஜ்ஜியம். சாத்துக்குடித் தோலும் பைன் பிசினும் முன்னால் வந்து நிற்கும். பீர் போட்டி நடுவர்களின் வகைப்பாட்டில் ஆங்கிலேய வகைக்குக் கசப்பு 35 முதல் 70 அலகு, அமெரிக்க வகைக்கு 50 முதல் 100. நொதிக்கும் முன் மால்ட் சாற்றின் அடர்த்தி 1.080-க்கும் 1.120-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது ஆங்கிலேய வகைக்கான கணக்கு (தண்ணீர் 1.000). நொதித்து முடிந்த பிறகும் 1.018-லிருந்து 1.030 வரை அடர்த்தி மிஞ்சும். 1.100-ல் தொடங்கி 1.025-ல் நின்றால் வித்தியாசத்தை 131-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 9.8 சதவீதம். அந்த மிஞ்சின 1.025-தான் நாக்கில் பாகாக உட்காருவது. இந்த வகையின் அழகும் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

பழகுவதற்கு இரண்டு பாட்டில்கள் போதும். மான்செஸ்டரின் ஜே.டபிள்யூ. லீஸ் ஆலை 1986-லிருந்து ஆண்டுக்கொரு முறை இறக்கும் ஹார்வெஸ்ட் ஏல் ஒன்று (ஏல் என்பது மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை). 11.5 சதவீதம், 275 மில்லி பாட்டில், ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ்: மாரிஸ் ஆட்டரும் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸும். இன்னொன்று லண்டன் சிஸ்விக்கில் ஃபுல்லர்ஸ் 1997-லிருந்து வெளியிட்டுவரும் வின்டேஜ் ஏல். 8.5 சதவீதம், அரை லிட்டர், பாட்டிலுக்குள் உயிருள்ள ஈஸ்ட். முதலாவது மால்ட் என்றால் என்ன என்று காட்டும். இரண்டாவது ஈஸ்ட் என்ன செய்யும் என்று காட்டும். ஃபுல்லர்ஸ் ஈஸ்டின் கையெழுத்தே ஆரஞ்சு மார்மலேட் வாசனைதான். அந்த ஆலையின் பீர் தொழிலை 2019-ல் ஜப்பானின் அசாஹி வாங்கிவிட்டது.

ஃபுல்லர்ஸில் இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. ஒரே மால்ட் கூழிலிருந்து முதலில் வடியும் சாறு கெட்டியாக இருக்கும், மறுபடி வெந்நீர் விட்டு வடிப்பது நீர்க்க இருக்கும். இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து கோல்டன் பிரைட், இ.எஸ்.பி., லண்டன் பிரைட் என்று மூன்று வலுவில் பிரித்தெடுக்கும் பழைய முறை அங்கே நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. வலுவான ஏல் என்பது தனியாக யோசித்துச் செய்த ஆடம்பரமல்ல, அன்றாட பீரின் தலைச்சாறு.

சரி, பாட்டிலுக்கு வருவோம். குடிப்பதற்கு முந்தைய நாளே செங்குத்தாக நிறுத்திவிடுங்கள். ஈஸ்ட் உள்ள பாட்டில் பயணத்தில் குலுங்கி வந்திருந்தால் ஒரு வாரம்கூட வைக்கலாம். வண்டல் அடியில் இறுகாமல் ஊற்றினால் கிளாஸ் கலங்கும், கூடவே மாவு போன்ற ஒரு ஈஸ்ட் ருசி மால்ட்டை மூடிவிடும்.

வெப்பநிலைதான் பாதி வேலை. ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரியில் இருக்கும். நமக்கு வேண்டியது திறக்கும்போது 10, குடித்து முடிக்கும்போது 16, 17. சிறிய பாட்டில் 22 டிகிரி அறையில் 5-லிருந்து 12-க்கு வர முக்கால் மணி நேரம் பிடிக்கும். சென்னை மாதிரி 30 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடம். வெளியில் வியர்க்கிற தண்ணீர் வேகத்தை இன்னும் கூட்டும். அரை லிட்டர் பாட்டிலுக்கு இதைவிடச் சற்று அதிகம். கிளாஸை ஃபிரீசரில் வைப்பது இந்தப் பானத்துக்குச் செய்யும் துரோகம்.

கிளாஸ் எது என்று பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். பிராந்தி கிளாஸோ, வாய் குறுகிய ஒயின் கிளாஸோ போதும். 300 மில்லி பிடிக்கும் கிளாஸில் 100 மில்லிக்கு மேல் ஊற்றக் கூடாது. மீதி இடம் வாசனைக்கு. கழுவிய பிறகு சோப்பு துளியும் இல்லாமல் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள். ஊற்றினதும் குமிழ்கள் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸில் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம்.

கிளாஸைச் சாய்த்து, பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். மூன்று பேர் என்றால் மூன்று கிளாஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாக ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை பாட்டிலை நிமிர்த்தும்போதும் வண்டல் எழும்பும். அடியில் ஒன்றரை மேசைக்கரண்டி அளவை விட்டுவிடுவது நல்லது. அதை வேண்டுமானால் கடைசியில் தனியாக ருசித்துப் பாருங்கள்.

நுரை விரல் உயரத்தில் கால் பங்குக்கு எழுந்து ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். 11 சதவீத ஆல்கஹாலே நுரையைக் கொல்லும். அதற்கு நேர் எதிராக, திறந்த கணமே நுரை பொங்கி வழிந்தால் சந்தேகப்பட வேண்டும்: பெரும்பாலும் காட்டு ஈஸ்டோ பாக்டீரியாவோ புகுந்து மிச்சமிருந்த சர்க்கரையைத் தின்றிருக்கும். வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்தால் நிறம் செம்பிலிருந்து கரும்பழுப்பு வரை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் முழுக் கறுப்பாக இருந்தால் அது வறுத்த மால்ட்டின் வேலை, இந்த வகைக்குப் புறம்பானது.

முகரும்போது முதல் முகர்வுதான் விலைமதிப்பானது. ஊற்றின உடனே, கிளாஸைச் சுழற்றாமல், சின்னதாக ஒரு இழுப்பு. கந்தக வாடை, மக்காச்சோளம் வேகிற வாடை மாதிரி சீக்கிரம் பறக்கும் சமாச்சாரங்கள் அப்போதுதான் பிடிபடும். பிறகு உள்ளங்கையால் வாயை மூடிச் சுழற்றி, கையை எடுத்ததும் இரண்டாவது முகர்வு. மூக்கு மரத்துப்போனால் உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டு வாருங்கள், திரும்பிவிடும். காப்பிக் கொட்டையெல்லாம் வேண்டாம்.

இனி ஒரு கிளாஸ் புதிய ஹார்வெஸ்ட் ஏலை அடி முதல் நுனி வரை பார்ப்போம். 8, 9 டிகிரியில் அது ஊமை. இனிப்பு தட்டையாக, கசப்பு ஓரத்தில் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். ஆல்கஹால் எங்கே என்றே தெரியாது. 11-ஐத் தாண்டினதும் முதலில் எழுவது டாஃபி. உடைத்த பிஸ்கட், ரொட்டியின் மேல்தோல். அதற்குப் பின்னால் கோல்டிங்ஸ் ஹாப்ஸின் மண் கலந்த, தேயிலை போன்ற வாசனை மெலிதாக. 13, 14-ல் பழங்கள் திறக்கும்: பேரீச்சை, உலர்ந்த அத்தி, கிஸ்மிஸ். நாக்கின் நடுவில் கருப்பட்டிப் பாகின் கனம் உட்கார்ந்து, விழுங்கின பிறகு கசப்பு மெதுவாக வந்து அந்தப் பாகைத் துடைத்துக்கொண்டு போகும். 16-க்கு மேல் ஆல்கஹால் மூக்குக்கு வரத் தொடங்கும். ஷெர்ரி ஒயினின் வாடையும் கூடவே. 18-ஐத் தாண்டினால் இனிப்பு மட்டும் மிஞ்சி, திகட்டும். ஆக, இந்த பீரின் நல்ல நேரம் அரை மணிதான். ஒரு தாளில் ஊற்றின உடனேயும், இருபது நிமிடம் கழித்தும், முக்கால் மணி கழித்தும் குறித்துக்கொண்டால் ஒரே கிளாஸில் மூன்று பீர் குடித்த கணக்கு.

ஒவ்வொரு மிடறும் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். வாயில் சுற்றவிட்டு, விழுங்கிவிட்டு, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ஒயின்காரர்கள் மாதிரி துப்பினால் கசப்பு சரியாகத் தெரியாது; அது அடிநாக்கிலும் தொண்டையிலும்தான் முழுதாக உறைக்கும்.

அந்தத் தொண்டையில்தான் தரமும் தெரியும். நல்ல பார்லி ஒயின் விழுங்கினபின் நெஞ்சில் கதகதப்பாக இறங்கும். மட்டமானது தொண்டையில் கமறும், மூக்கில் ஸ்பிரிட் நெடி ஏறும். இரண்டும் ஒரே 11 சதவீதமாக இருக்கலாம். வித்தியாசம் ஆல்கஹாலின் அளவில் இல்லை, வகையில். ஆங்கிலேய ஈஸ்டை 18, 20 டிகிரியில் நிதானமாக வேலை செய்யவிட்டால் பெரும்பாலும் எத்தனால் கிடைக்கும். கெட்டிச் சாற்றில் ஈஸ்ட் வேகமெடுத்தால் அதுவே சூட்டைக் கிளப்பும். கட்டுப்படுத்தாமல் 25-க்கு மேல் ஏறவிட்டால் கனமான ஆல்கஹால்கள் கூடுதலாக உருவாகும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வந்தால் அது எத்தில் அசிடேட். சிறு ஆலைகளின் முதல் சில தொகுதிகளில் இதை அடிக்கடி காணலாம். ‘வலுவான பீர்னா அப்படித்தான் எரியும்’ என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்றிரண்டு ஆண்டு வைத்தால் அந்தக் கமறல் கொஞ்சம் தணியும், முழுதாகப் போகாது.

இன்னொரு குறை, திகட்டல். ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்ட் சோர்ந்துவிடும். தொடக்கத்தில் ஆக்ஸிஜன் போதாமல் இருந்தாலோ, ஈஸ்டின் அளவு குறைந்தாலோ, பாதியில் குளிர் அடித்தாலோ அடர்த்தி 1.040-லேயே நின்றுவிடும். அப்படி நின்றது பீர் அல்ல, மால்ட் சர்பத். கிரிஸ்டல் மால்ட்டை (ஈரத்தோடு வறுத்து உள்ளே சர்க்கரை பாகான மால்ட்) அள்ளிப் போடுவதும் இதே இடத்தில்தான் கொண்டுவிடும். இன்றைய கிராஃப்ட் ஆலைகள் பலவற்றின் மீது எனக்குள்ள குறை இதுதான்: கேரமல் ருசி வேண்டும் என்று கிரிஸ்டலைக் கூட்டுகிறார்கள். பழைய வழி அதுவல்ல. வெளிர் மால்ட் மட்டும் போட்டு, சாற்றை இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டால் நிறமும் டாஃபியும் தானாக வரும். கிரிஸ்டல் அதிகமான பீர் முதல் கிளாஸில் மயக்கும், இரண்டாம் வருடம் பிசுபிசுக்கும்.

இப்போது வயதுக்கு வருவோம். டார்செஸ்டரில் எல்ட்ரிட்ஜ் போப் ஆலை 1968-ல், எழுத்தாளர் தாமஸ் ஹார்டி இறந்த 40-ஆம் ஆண்டை ஒட்டி அவர் பெயரிலேயே ஒரு ஏல் இறக்கியது. 25 ஆண்டு வைத்திருக்கலாம் என்று லேபிளிலேயே போட்டிருந்தார்கள். அதிலிருந்து எந்த பார்லி ஒயினையும் பரணில் போட்டுவிட்டால் பொன்னாகிவிடும் என்ற நம்பிக்கை பரவிவிட்டது. பழசாவது வேறு, கெடுவது வேறு. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆக்ஸிஜன்தான் என்பதால் ருசிப்பவருக்குத்தான் பிரித்துப் பார்க்கிற வேலை.

முதலில் போவது ஹாப்ஸ் வாசனை, சில மாதங்களில். கசப்பு மெதுவாகக் கரையும். அதனால் இனிப்பு கூடினது போலத் தோன்றும், சர்க்கரை ஏறியிருக்காது. பிறகு ஒரு சங்கடமான காலம் வரும். பீரின் முதுமை ருசிகளை வரைபடம் போட்டுப் பார்த்தவர்கள் கண்ட ஒழுங்கு: முதலில் பிளாக்கரன்ட் செடியின் இலை போன்ற ஒரு பச்சை வாடை ஏறி இறங்கும், அதற்குப் பின்னால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை, அதுவும் ஏறி இறங்கும், இனிப்பான டாஃபி வாசனையோ ஏறிக்கொண்டே போகும். அட்டை வாடைக்குப் பொறுப்பான நோனெனால் என்ற பொருள் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். எனவே ஒன்றிரண்டு வயதில் திறந்த பாட்டில் அட்டை வாடை அடித்தால் அதன் சகோதரப் பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மால்ட்டும் ஆல்கஹாலும் போதிய கனமுள்ள பீராக இருந்தால் நான்கைந்து வயதில் அது பழப்பாகின் கீழே புதைந்துபோகும். 5 சதவீத பீருக்கு இந்த இரண்டாம் வாழ்க்கை கிடையாது; அட்டையோடு முடிந்துவிடும்.

நல்ல முதுமை எப்படி இருக்கும்? ஷெர்ரி, வாதுமை, தேன், பழைய தோல் புத்தக அட்டை, உலர் திராட்சை. ஈஸ்ட் உள்ள பாட்டிலில் சோயா சாஸ் சாயல் சற்றே வரலாம். ஈஸ்ட் செத்துக் கரைந்ததன் அடையாளம். மெலிதாக இருந்தால் ஆழம், முன்னால் வந்து நின்றால் முடிந்தது கதை. புளிப்பு வினிகராகக் குத்தினால் அது வயதல்ல, தொற்று. ஆனால் தொழுவ வாடையும் புளிப்பும் சேர்ந்த எல்லாமே குறையில்லை: பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டை டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையைச் சேர்ந்த கிளாசன் 1904-ல் அறிவித்ததே ஆங்கிலேயர்கள் வைத்துப் பழுக்கவிட்ட ஏலைப் பார்த்துத்தான். இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் கிரீன் கிங் ஆலையின் பெரிய ஓக் தொட்டிகளில் 12 சதவீத ஏல் இரண்டு வருடம் கிடந்து, பிறகு இளம் பீரோடு கலந்து 6 சதவீத ஸ்ட்ராங் சஃபோக்காக வெளிவரும். அந்த லேசான புளிப்பு அங்கே வேண்டும் என்றே வைப்பது. ஹார்வெஸ்ட் ஏலில் வந்தால் மட்டும் புகார் சொல்லலாம்.

வைத்திருக்க விரும்பினால் 10-லிருந்து 13 டிகிரி, இருட்டு, பாட்டில் நின்ற நிலையில். படுக்க வைத்தால் பீரும் காற்றும் தொடும் பரப்பு கூடும், மூடியின் உள்பக்க ரப்பரும் பீரில் ஊறும். மூடிமேல் மெழுகு ஊற்றுவது பெரும்பாலும் அழகுக்குத்தான். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இந்த வேதி மாற்றங்களின் வேகம் தோராயமாக இரண்டு மடங்காகும் என்பது கணக்கு. அப்படியென்றால் லண்டன் நிலவறையில் நான்கு வருடம் பிடிப்பது நம்மூர் அலமாரியில் ஒரே வருடத்தில் நடந்துவிடும், அதுவும் அவ்வளவு அழகாக நடக்காது. வெளிநாட்டிலிருந்து யாராவது பெட்டியில் கொண்டுவந்து தந்தால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மெதுவாகத்தான் முதிரும், பரவாயில்லை.

ஒரே பீரின் இரண்டு மூன்று வருடங்களைப் பக்கத்தில் வைத்து ருசிப்பதுதான் உண்மையான பாடம். மூன்றுக்கு மேல் போனால் நாக்கு பொய் சொல்லும். ஆளுக்கு 60 மில்லி போதும். எதை முதலில் குடிப்பது என்பதில் சண்டை உண்டு. பழையதிலிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பழையதில் கசப்பு கரைந்து வாசனை நுணுக்கமாக இருக்கும். புதியதன் கசப்பு நாக்கில் ஏறின பிறகு அதைத் தேடினால் கிடைக்காது. இடையில் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட். மிளகாய் போட்டுச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் உட்காரவே வேண்டாம். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எல்லா பீரும் கமறும்.

கூடச் சாப்பிட ஒன்றே ஒன்று சொல்வதென்றால் ஸ்டில்டன் சீஸ். நீலப் பூஞ்சை ஓடிய அந்தச் சீஸின் உப்பு, பீரின் இனிப்பை வெட்டும். கொழுப்பு ஆல்கஹாலின் முனையை மழுக்கும். அது கிடைக்காவிட்டால் நன்றாக முதிர்ந்த செடார்.

அளவைப் பற்றி: பிரிட்டனில் 10 மில்லி சுத்த ஆல்கஹால் ஒரு யூனிட். 4 சதவீத பிட்டர் ஒரு பைன்ட் 2.3 யூனிட். அரை லிட்டர் வின்டேஜ் ஏல் 4.25, சின்ன ஹார்வெஸ்ட் ஏலே 3.2. வாரத்துக்கு 14-ஐத் தாண்ட வேண்டாம் என்பது அங்குள்ள மருத்துவத் துறையின் அறிவுரை. இந்தக் கனம் தெரிந்துதான் ஒரு காலத்தில் பார்லி ஒயினை மூன்றில் ஒரு பைன்ட், அதாவது 190 மில்லிக்குச் சற்றுக் குறைவான ‘நிப்’ பாட்டிலில் விற்றார்கள். அந்த அளவு மறைந்துபோனது வருத்தம்தான். வரியும் உதவவில்லை. 2011-ல் 7.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பீருக்குக் கூடுதல் வரி வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து 8.5 முதல் 22 சதவீதம் வரை எந்த மதுவானாலும் ஆல்கஹால் அளவுக்கு ஒரே விகிதம். விலை ஒயினோடு போட்டி போடுகிறது. பலர் ஒயினையே வாங்கிவிடுகிறார்கள்.

அரை லிட்டர் பாட்டிலைத் தனியாக முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த நாள் வாயு குறைந்திருக்கும், ருசி பெரும்பாலும் அப்படியே இருக்கும். வாயு குறைவதால் மால்ட் இன்னும் தெளிவாகத் தெரிவதும் உண்டு. மூன்றாம் நாள் வேண்டாம். மிச்சத்தைக் குழம்பிலோ ஸ்டூவிலோ ஊற்றிச் சுண்டவிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆல்கஹால் ஆவியாகும், கசப்பு ஆவியாகாது. பாதியாகச் சுண்டினால் கசப்பு இரட்டிப்பாகிவிடும். அதனால் அடுப்பை அணைப்பதற்குக் கால் மணி முன்னால் சேர்த்தால் போதும்.